கீர்த்தி மண்டபத்தில் ஒரே ஒரு இடம்

மேலப்பட்டணம் கீர்த்தி மண்டபத்துக்குத் தேர்வாகிறவர் இசைக்காரராக இருந்தால் தன் ஒலியையும், பயில்வானாக இருந்தால் தன் எடையையும் அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் படிவத்தில் கட்டம் கிடையாது. போன தடவை தேர்வான பாட்டுக்காரர் இப்போதெல்லாம் காபி வேண்டுமென்றால் கையைத் தட்டுகிறார். தட்டினாலும் சத்தம் வராது. அவர் மனைவி குத்துமதிப்பாக மணிக்கொரு காபி கொடுத்துவிடுகிறார்.

இந்த வருஷம் இருந்தது ஒரே இடம். போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர்: நாதஸ்வரம் கமலவேணி, பயில்வான் இருளப்பன். கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை. வியாழக்கிழமை கமலவேணியின் மகள் வடிவுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது அம்மாதான் வாசிக்க வேண்டும் என்று வடிவு ஆறு வயதிலேயே சொல்லிவைத்துவிட்டாள். மாப்பிள்ளை அதற்கப்புறம்தான் கிடைத்தார்.

சொந்தக் கூட்டத்துக்காக யாரும் பேசக்கூடாது என்பது மண்டபத்து வழக்கம். இசைக்காரருக்காகப் பயில்வான்கள் பேசுவார்கள், பயில்வானுக்காக இசைக்காரர்கள்.

முதலில் ஒரு பயில்வான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்தம்மா ஊதுனா நாலு தெரு கேக்கும்யா! அந்த மூச்சு மட்டும் எனக்கு இருந்திருந்தா எவன் என்னையக் கீழ போட்டிருப்பான்? சொல்லுங்க, எவன்?"

அடுத்து வயலின்காரர் ஒருவர், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"இருளப்பன் அவர்களின் பிடியில் அவசரமே கிடையாது. விளம்ப காலத்தில் பிடிப்பார். துரித காலத்தில் போடுவார்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பயில்வான்கள் பெஞ்சு அதிரக் கத்தினார்கள், "கமலவேணி! கமலவேணி!" அவள் நாதஸ்வர உறையை மடியில் இறுக்கிக்கொண்டாள். இவ்வளவு பிரியமாகவா ஒரு மனுஷியை ஒழிப்பார்கள்?

தலைவர் சற்குணம் மணியை அடித்தார். அவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். "சைலன்ஸ்! கடைசிச் சுற்று. போட்டியாளர் ஒவ்வொருவரும் எதிராளியைப் புகழ வேண்டும். மூச்சு விட நிறுத்தினால் புகழ் முடிந்தது. அதிக நேரம் புகழப்பட்டவருக்கே இடம்."

கமலவேணி எழுந்தாள். ஊதும்போதே மூக்கால் மூச்செடுக்கிற வித்தை நாதஸ்வரக்காரர்களுக்குக் கைவந்தது. கன்னத்தை உப்பிக்கொண்டு ஆரம்பித்தாள். இருளப்பனின் தொடை, தோள், மடங்கிப்போன காது, தோற்றவனைக் கைகொடுத்துத் தூக்கிவிடும் குணம் எல்லாவற்றையும் சொன்னாள். அது தீர்ந்ததும் அவர் துண்டைப் புகழ்ந்தாள். துண்டு தீர்ந்ததும் அவர் சைக்கிளை, சைக்கிள் மணியை, அந்த மணியின் ஓசைக்கு ஒதுங்கி நிற்கும் எருமையின் மரியாதையை. பதினொரு நிமிஷம், ஒரே வாக்கியம்.

இருளப்பன் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி எழுந்தார். கமலவேணி கண்ணை மூடிக்கொண்டாள். பயில்வான் மூச்சு, அரை மணி நேரம்கூடத் தாங்கும்.

"நல்லா ஊதும்" என்றார் இருளப்பன். பிறகு சாவகாசமாக மூச்சு விட்டார்.

"ஒரு விநாடி. இடம் இருளப்பனுக்கு" என்று சற்குணம் எழுதிக்கொண்டார்.

கமலவேணி கண்ணைத் திறந்தாள். பெஞ்சில் சாய்ந்தாள். இருளப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முட்டி, தங்கச்சி. நாலு வருஷமா மாடிப்படி ஏறல. இந்த எடைய எங்கயாவது எறக்கி வெச்சா போதும்னு இருந்துச்சு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே! உசுரே போயிருச்சு."

"சொல்லியிருந்தா என் சைக்கிள் மணியப் பத்தி யாரு பேசியிருப்பா?"

எடையைப் பெஞ்சில் வாங்கி வைத்தார்கள். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. இருளப்பன் மெல்ல மேலே போனார். மின்விசிறியை நிறுத்தினார்கள். கமலவேணி நாதஸ்வர உறையின் கயிற்றை அவர் கணுக்காலில் கட்டி, "கல்யாணத்துக்கு வந்துட்டுத்தான் போகணும்" என்று வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

வியாழக்கிழமை தாலி ஏறியது. கமலவேணி வாசித்த வாசிப்பில் நாலு தெரு என்ன, ஏழு தெரு கேட்டது. பந்தல்காலில் கட்டியிருந்த இருளப்பன் மேலிருந்தபடியே மணமக்கள்மேல் அட்சதை தூவினார்.

பந்தி போடுகிற நேரத்துக்கு அவருடைய எடை மட்டும் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கியது. மண்டபத்தில் அரை நாள் லீவு சொல்லியிருந்ததாம். முன்வரிசையில் உட்கார்ந்தது, நாற்காலி உடைந்தது. வடிவு வேறு நாற்காலி போட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மாமா" என்றாள்.