பெருவிரல் முளைத்த தட்டு

குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் காக்க ஜவுளிக்காரர் சொன்ன விலை, ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலை. "கொசுறா ஒரு வருஷ சர்வீஸ்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் விற்க வந்தது, தங்கை செய்த பிளாஸ்மா பேனா. முனையில் ஊதாச் சுடர். தொட்டால் சுடாது, கிருமியைக் கொல்லும். குழந்தைகளின் மூச்சு மாஸ்க்கோ மெல்லிய பிளாஸ்டிக். கொதிநீரில் போட்டால் சுருண்டுவிடும். இன்று தலைமை நர்ஸ் வேண்டாமென்றால் தங்கையின் பட்டறைக்குப் பூட்டுதான்.

நேற்று ஒரு மாஸ்க்கைச் சுடரில் காட்டி, பஞ்சால் துடைத்து, ஜெல்லித் தட்டில் பூசி வைத்திருந்தார்கள். கிருமி மிச்சமிருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். நர்ஸ் மூடியைத் திறந்தார். நட்டநடுவில், ரேகையோடு ஒரு பெருவிரல் முளைத்திருந்தது!

"அண்ணா!" என்றாள் தங்கை.

தடவிப் பார்க்காமல் ஒரு முழம் துணி வாங்கியறியாத கை அது. நேற்று தங்கை திரும்பிய நேரத்தில் ஜெல்லியையும் பதம் பார்த்திருந்தது.

"வழவழன்னு இருந்துச்சும்மா. கை கேக்கல."

"கிளம்புங்க," நர்ஸ் எழுந்துவிட்டார்.

கடைப்படி இறங்கிய ஆளையும் திருப்பிக் கூப்பிட்டே பழகியவர் ஜவுளிக்காரர். "சிஸ்டர், விரலைச் சுத்திப் பாருங்க. ஏதாவது முளைச்சிருக்கா?"

சுற்றிலும் கண்ணாடி மாதிரி இருந்தது.

"மாஸ்க் சுத்தம். அழுக்கு நான்தான்!"

"வாயால சொன்னா ஆச்சா?"

"என்னையே சோதிச்சுப் பாருங்க." இரண்டு பெருவிரல்களையும் நீட்டினார். "வலதுக்கு மட்டும் சுடர். இடது அப்படியே."

நர்ஸே பேனாவை வாங்கினார். ஊதா வெளிச்சம் விரலில் ஊர்ந்தது. "கூசுது சிஸ்டர்!" என்று நெளிந்தார் ஜவுளிக்காரர். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு விரலையும் புதுத் தட்டில் அழுத்தி, தன் அலமாரியிலேயே வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை ஜவுளிக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். விளக்கடியில் நர்ஸும் தங்கையும் தட்டில் முளைத்த புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையை நீட்டினார்.

"பேனாவை வார்டுக்குக் கொண்டு வாங்கம்மா," என்றார் நர்ஸ்.

தங்கை துள்ளிக் குதித்து அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், அந்த விலை விஷயம்..."

"அண்ணா, வாயை மூடு!"

நர்ஸ் தட்டின் மூடியில் எழுதினார்: இடது, நூற்று எழுபத்தொன்று. வலது, மூன்று.

"மூணு பாக்கி இருக்கும்மா," என்றார் தங்கையிடம்.