பச்சை வேகன்

அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்து அவரைத் தலையணையில் சற்று மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பாதி தூக்கியபடி விட முடியாது. பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் தூக்கி, தலை சரிந்துவிடாமல் பக்கத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். மணி மறுபடியும் அடித்தது.

"நர்ஸா இருக்கும். போய்ப் பாரு" என்றாள் அம்மா. அவள் ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். மூச்சு முட்டுவது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கத்தான் இந்த மருந்து, இனி வேறெதுவும் இல்லை, பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் மணி அடித்தாலும் போன் அடித்தாலும் நர்ஸ் என்கிறாள்.

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. அந்த வாரம் முழுக்க விடுப்பு எடுத்திருந்தாள். எடுத்து என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லை. தலையணையை மாற்றினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

கதவைத் திறந்தபோது வயதான பெண்மணி ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். மூன்று மாடி ஏறியிருந்தும் உடையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

"பல் செட் சார் வீடு இதானேம்மா?"

"ஆமா. உள்ள வாங்க."

"என் வீட்டுக்காரர் செஞ்ச குட்டி கூட்ஸ் வேகன் ஒண்ணைச் சாருகிட்ட குடுத்திருந்தேன். சக்கரம் கழண்டு, பக்கவாட்டுல ஒட்டு விட்டுப்போயிருந்துச்சு. இந்த வாரம் வரச் சொல்லியிருந்தார். முடியலேன்னாலும் பரவால்ல, அப்படியே குடுத்துடச் சொல்லுங்க. நாளைக்கு நான் பையன் வீட்டோட போறேன். திரும்பி வர்றதா இல்ல."

அப்பாவுக்கு முடியவில்லை என்று சொல்லத்தான் பாப்பா வாயெடுத்தாள். வந்தது வேறு.

"உக்காருங்க. இதோ எடுத்துத் தரேன்."

காலையிலிருந்து அந்த வீட்டில் செய்து முடிக்கக்கூடியதாக ஒரு காரியம் இப்போதுதான் வந்திருந்தது.

அப்பா வேலைக்காலம் முழுவதும் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்தவர். ஓய்வு பெற்றதும் அந்தக் கொக்கி ஊசிகளையும் சின்ன அரங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்து மூலையில் மேசை போட்டுக்கொண்டார். பெட்டியில் தனித்தனிப் பாகங்களாக வரும் கிட்டை வாங்கி, எவரோ எப்போதோ ஒட்டிப் பெயின்ட் அடித்து, பிறகு உடைந்துபோன குட்டி ரயில் வேகன்கள் அவரைத் தேடி வந்தன. கையில் வாங்கியதும் தலைகீழாகத் திருப்புவார். பக்கவாட்டில் எத்தனை பலகைக் கோடு, பிரேக் லீவர் எந்தப் பக்கம் என்று பார்த்து, எந்தக் கம்பெனி கிட், எது தொலைந்திருக்கிறது என்று சொல்வார். பொம்மை என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். பழைய பெயின்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்து டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பார். "ஊர்க்காரங்க பல்லையெல்லாம் தேச்சது போதலையாம். இப்ப ரயிலுக்கும் பல் விளக்கி விடறாரு" என்பாள் அம்மா. மற்றபடி அந்த மேசைப் பக்கமே அவள் போனதில்லை.

மேசையில் விரித்திருந்த துணியின்மேல் வேகன்கள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் சக்கரம் இல்லை, இரண்டிலும் ஒரு பக்கம் ஒட்டு விட்டிருந்தது. இரண்டும் பெயின்ட் போய்ச் சாம்பல் நிறத்தில் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தன. ஒரே நீளம், ஒரே பலகைக் கோடுகள். ஒரே கிட்.

"எது உங்களோடதுன்னு பாருங்கம்மா."

வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்னோடது பச்சை."

"பெயின்டை எடுத்துட்டாரு."

"எடுத்துட்டாரா?" ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார், மறுபடி முதலாவதை எடுத்தார். "ஷோகேஸ்ல தினமும் தூசி தட்டுவேன்மா. இத்தனை வருஷமும் கலரைத்தான் பாத்திருக்கேன் போல."

பாப்பா அப்பாவின் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஊசியால் ஒரு வேகனின் பலகை இடுக்கைச் சுரண்டினாள். ஊசிமுனையில் பச்சைத் துகள். "இந்தாங்க, இதுதான்!" என்று அவளை அறியாமல் குரல் உயர்ந்தது. ஒரு நிச்சயத்துக்காக மற்றதையும் சுரண்டினாள். அதிலும் பச்சை. பக்கத்துப் பாட்டிலில் ஸ்பிரிட் பச்சையும் பழுப்புமாகக் கலங்கியிருந்தது. இரண்டையும் அப்பா ஒன்றாகவே ஊறப்போட்டிருந்தார்.

"சார் உள்ளதானே இருக்காரு? ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடுவாரே" என்றார் வந்தவர்.

"கேட்டுட்டு வரேன்" என்றாள் பாப்பா.

வேகன்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் வந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு?"

"வேகனுக்கு வந்திருக்காங்க. நாளைக்கு ஊரை விட்டே போறாங்களாம்."

"போகட்டும். நீ அதை வெச்சுட்டு இங்க உக்காரு."

பாப்பா கட்டிலோரம் மண்டியிட்டாள். அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. உள்ளங்கையில் ஒரு வேகனை வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"அப்பா, இதுல எது பச்சை? ஷோகேஸ்ல இருந்ததுன்னு ஒரு அம்மா குடுத்தாங்களே, அது எது?"

கட்டைவிரல் பலகைக் கோடுகளின்மேல் அசைந்தது. தடவிப் பார்க்கிறாரா, தானாக அசைகிறதா, தெரியவில்லை. மூச்சு வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"பச…"

"பச்சையா? இதுதானாப்பா?"

"பச…"

பசையாகவும் இருக்கலாம். ஒட்டினவன் கையைப் பசையில் பார்க்கலாம் என்று எப்போதும் சொல்வார். அவசரக்காரன் அள்ளிப் பூசியிருப்பான், நிதானக்காரன் தொட்டு வைத்திருப்பான். அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"பசையா? பசையப் பாக்கணுமா? அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

"விடுடி அவரை" என்றாள் அம்மா.

பாப்பா விட்டாள். அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அம்மாவின் கையில் இருந்த பஞ்சிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கீழே தெருவில் யாரோ காரை எடுக்க முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தமும் நின்றது.

"அம்மா."

"ம்."

"மூச்சு…"

"தெரியுது."

மற்ற வேகன் இன்னும் பாப்பாவின் கையிலேயே இருந்தது. மருந்துப் புட்டிகளுக்கு நடுவே வைத்தாள். அங்கே இருப்பது சரியாகப்படாமல் மறுபடி எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வேகனை எடுத்து, அவர் கையை நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, எழுந்து கூடத்துக்குப் போனாள். பாப்பா பின்னால் போனாள்.

வந்தவர் உட்காரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் கை வாய்க்குப் போனது.

"அய்யோ, எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா படியே ஏறியிருக்க மாட்டேன்."

"இந்தாங்க" என்று அம்மா வேகனை நீட்டினாள்.

"வேணாம்மா. இந்த நேரத்துல இது எதுக்கு?"

"நாளைக்குப் போறீங்களாமே. வாங்கிக்குங்க."

வந்தவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். பார்த்தார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டார்.

"சார் இதுதான்னு சொன்னாரா?"

பாப்பா வாய் திறந்தாள்.

"சொன்னாரு" என்றாள் அம்மா. "கையில வாங்கிப் பாத்தாரு. இதுதான்னாரு."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த வேகனைப் பாப்பா மேசைத் துணியின்மேல் வைத்தாள். அதன் அடியில் பசை எப்படி இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை.

வந்தவர் வேகனைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயரைக்கூட இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தெருமுனைக் கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பாப்பா ஒவ்வொருவருக்காகப் போன் செய்து அதே வாக்கியத்தைச் சொன்னாள். நான்கைந்து பேருக்குப் பிறகு அது அவள் வாயில் பழகிப்போயிருந்தது.

வெயில் இறங்குவதற்குள் அமரர் ஊர்திக்காரர்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். "லிஃப்ட் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பிடித்துக்கொண்டார்கள். படிக்கட்டு குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பாவைச் சாய்த்து, நிமிர்த்தி, சுவரில் இடிக்காமல் திருப்ப வேண்டியிருந்தது. பாப்பா பின்னால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் பிடிக்க வேண்டிய இடத்தில் வேறு ஆட்கள் பிடித்திருந்தார்கள்.

வந்த பெண்மணி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அடுத்த மாடித் திருப்பத்தில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் பையைத் தோளில் ஏற்றிவிட்டு, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்து, தம் கட்டித் தூக்கினார். மூலையில் சுவரோடு ஒட்டி நின்று சைக்கிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். செயின் எண்ணெய் அவர் உடையில் கறுப்பாகப் பட்டது.

"போங்க, போங்க" என்றார். "இடம் இருக்கு."