கணக்கு சொன்ன சாட்சி

கரும்பலகையில் பேராசிரியர் எழுதிப்போட்ட பீரங்கிக் குண்டுக் கணக்கில் தவறு எங்கே என்று பிடிக்க அந்த மாணவிக்கு நான்கே நிமிடம்தான் ஆனது. வருடாவருடம் அதே கணக்கைத்தான் கொடுப்பார். வருடாவருடம் யாராவது பிடித்துவிடுவார்கள்.

“வெயில் ஏறினா குண்டு தூரமாப் போகும். அதே நேரத்துலதான் காத்தும் பின்னாலேருந்து தள்ளும். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு வெச்சுப் போட்டிருக்காங்க. பாதுகாப்புக் கோடு இன்னும் நூத்தம்பது மீட்டர் தள்ளி இருந்திருக்கணும் சார். இவ்வளவு மோசமா யாரு போட்டது?”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். ஏதோ பழைய புத்தகத்தில் இருந்தது என்றார்.

“கோட்டுக்கிட்ட யாராவது நின்னாங்களா சார்?”

இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. பாடம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே வகுப்பை விட்டுவிட்டார்.

நின்றார், ஒரு கொடிக்காரர். ராணுவ ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை மைதானத்தில், அப்போது அங்கே வேலை பார்த்த பேராசிரியர் போட்டுக்கொடுத்த கோட்டுக்கு வெளியே, சிவப்புக் கொடியோடு. குண்டு வானிலேயே வெடிக்கிற ரகம், எங்கே வெடித்தது என்று காட்டக் குழி விழாது. ஒரு துண்டு பறந்து வந்து அவர் காலைக் கொண்டுபோனது. கோட்டுக்கு வெளியே துண்டு வராது என்று கணக்கு சொல்கிறது, ஆகவே அந்த ஆள் உள்ளேதான் நின்றிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு எழுதியது. கொடிக்காரருக்கு வேலை போயிற்று. பேராசிரியர் மறுநாளே திரும்பப் போட்டுப் பார்த்துத் தன் தவறைக் கண்டுகொண்டார். மேலதிகாரி, “ஃபைல் மூடியாச்சு, நீங்களும் வாயை மூடுங்க” என்றார். மூடினார். பதவி உயர்வும் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெட்கம் தாங்காமல்தான் பல்கலைக்கழகத்துக்கு ஓடிவந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அதை வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை விட்டுத் தோண்டச் செய்து, ஏதோ பிராயச்சித்தம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

முகவரி எப்போதும் தெரியும். அன்று மாலையே போனார். கொடிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தார்.

கொடிக்காரர் கையிலிருந்த பட்டாணியைக் கீழே வைத்தார்.

“வெளியிலதான் நின்னேன்னு மூணு வருஷம் சத்தியம் பண்ணேன். கணக்குப் போட்டவரு பெரிய படிப்பு படிச்சவரு, நீ என்னத்தக் கண்டேன்னாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இப்ப கண்ண மூடினா, கோட்டைத் தாண்டி உள்ள நடந்து போறதுதான் சார் தெரியுது.”

அவருடைய காலை மட்டும்தான் எடுத்தோம் என்று பேராசிரியர் அதுவரை நினைத்திருந்தார்.

“எழுதித் தர்றேன். நிலையத்துக்கு, பத்திரிகைக்கு, எல்லாருக்கும்.”

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க. அசட்டையா நின்னு ரெண்டு பேர் பொழப்பையும் கெடுத்தியேன்னு இருபத்துமூணு வருஷமா கேக்குறா. நானும் ஆமான்னுட்டேன்.”

வாசல் கதவு திறந்தது. பையோடு உள்ளே வந்தவள் நின்றாள்.

“யாரு இவரு?”

கொடிக்காரர் பக்கத்து நாற்காலியில் கிடந்த பட்டாணித் தோலைக் கையால் வழித்து ஒதுக்கி, அவள் உட்கார இடம் செய்தார்.