ஹரிணி மேல சத்தியம்

எங்க வீட்டுக்காரர் ஆனந்தராஜுக்கு ஞாயித்துக்கிழமை ஆனா கோட்டை பாக்கணும். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டையெல்லாம் கண்டவனும் போற எடமாம். ஐயாவுக்கு யாரும் போகாத மலைதான் வேணும். பொண்ணு ஹரிணிய மத்திகிரியில அக்கா வீட்டுல விட்டுட்டு, பெங்களூர்ல வாங்கின பழைய கார்ல கெலமங்கலம் தாண்டிப் போனோம். பாதி மலையிலயே எனக்கு மூச்சு வாங்கிருச்சு. பாறை நிழல்ல உக்காந்துட்டேன். அவர் மட்டும் உச்சிக்குப் போய்ட்டு, வேற பக்கமா எனக்கு முன்னாடியே காருக்கு எறங்கிட்டாரு.

நான் கீழ வந்தப்ப ஊரே காரைச் சுத்தி நின்னுச்சு. கர்நாடகா நம்பரு. டிக்கியில முந்தாநாள் வண்டிக்குப் பூசை போட்ட எலுமிச்சம்பழம், குங்குமம். போதாதா? புதையல் தோண்ட வந்தவன்னு முடிவு பண்ணிட்டானுங்க. போன மாசம் யாரோ கோட்டைக்குள்ள குழி பறிச்ச ஆத்திரம் வேற. மேல போய்ப் பாக்க ஒருத்தனுக்கும் பொறுமையில்ல. ஒருத்தன் கட்டையால அவர் வாயிலயே போட்டான், பல்லு தெறிச்சுது. விழுந்தவரோட கைய இன்னொருத்தன் மிதிச்சு ஒடைச்சான். குறுக்க பாஞ்சேன், எனக்கும் முதுகுல விழுந்துச்சு. இன்னும் நாலு அடி விழுந்தா உசிரு போயிரும்னு தெரிஞ்சுபோச்சு. அவர் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?

அடிவாரத்துக் கோயில் பூசாரி திம்மப்பன் கூட்டத்தைத் தடுத்தாரு. "புள்ள இருக்காம்மா உனக்கு? இவன் மலையில ஒண்ணும் எடுக்கலன்னு அது தலையில சத்தியம் பண்ணு. விட்டுடறோம்."

அவர் தட்டுல ஏத்தி நீட்டின கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சேன். "என் பொண்ணு ஹரிணி மேல சத்தியமா, இவர் ஒரு கல்லக்கூட எடுக்கல."

கூட்டம் வெலகிருச்சு. அவரைத் தூக்கிப் போட்டுக்கிட்டு நான்தான் ஓட்டினேன். மெயின் ரோடு வந்ததும் ரத்த வாயோட சிரிச்சாரு.

"சமாளிச்சுட்டடி. ஸ்டெப்னிக்கு அடியில பாக்கத் தெரியல, கேனப்பசங்களுக்கு."

ஓரங்கட்டி டிக்கியத் தொறந்தேன். துண்டுக்குள்ள கையளவு வெண்கல அம்மன்.

"எம் பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்டா, பாவி."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது தானே சரிதா. ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாதாம். ஜாக்கி ராடை எடுத்து அந்த ஒடைஞ்ச கையிலயே போட்டேன். அலறினான். வண்டியத் திருப்பினேன்.

கொன்னுடுவாங்க, கொன்னுடுவாங்கன்னு வழி நெடுக கதவை உதைச்சான். பின்சீட்டுக் கதவுக்கு சைல்ட் லாக் போட்டிருந்தேன். கோயில்கிட்ட கூட்டம் இன்னும் கலையல. ஹாரன் அடிச்சேன்.