மிஸ்திக்குப் பதிலாகப் போன கிழடு

திபுர்சியோ சாகும்போது சொன்னது ஒரே ஒரு பேச்சு: "மிஸ்தி என்னோட வரட்டும்." அறையில் இருந்தது இரண்டே பேர். மனைவி லெயோகாதியா, தங்கை பஸிலியா. பஸிலியாவின் காதில் விழுந்தால் ஊர் முழுக்க விழுந்த கணக்கு.

செத்து மலைக்கு அந்தப் பக்கம் போகிறவன் அங்கேயும் ஒரு மந்தை தொடங்க வேண்டும். அதற்கு, எங்கள் மலையில் கம்பளி முடிக்காக வளர்க்கிற அல்பாக்காவில், ஒரு கிடா வேண்டும். செத்த எட்டாம் நாள் அவன் துணிமணிகளை ஆற்றில் அலசிப் போட்டுவிட்டு, எலும்பு ஒன்றுகூட முறியாமல் கிடாவை அறுத்து, எலும்புகளை மொத்தமாகப் புதைப்பார்கள். முறிந்தால் அது அங்கே நொண்டும்.

மிஸ்தி நான்கு வயது வெள்ளைக் கிடா. விலாவில் முடியை விலக்கினால் உள்ளே சின்னச் சின்ன அலையாக நெளிந்து மினுங்கும். அப்படி ஒரு கிடா மக்குசானி ஊருக்கு இந்தப் பக்கம் கிடையாது என்பது லெயோகாதியாவின் பேச்சு. அந்தப் பக்கமும் கிடையாது என்பது திபுர்சியோவின் பேச்சு. அதை அறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. மந்தையில் இன்னொரு வெள்ளைக் கிடா இருந்தது. வயது பதினொன்று, முன்பல் இரண்டு இல்லை, முடி துடைப்பக்கட்டை. எட்டாம் நாள் விடியலில் மிஸ்தியின் காதில் கட்டியிருந்த சிவப்பு மஞ்சள் குஞ்சங்களை அவிழ்த்துக் கிழட்டின் காதில் கட்டி, அதையே அறுக்கக் கொடுத்தாள்.

உயிரோடு இருப்பவர்களை ஏமாற்ற அவள் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு அல்பாக்காவை இன்னொன்று என்று யாரிடமும் சொல்லிவிட முடியாது. முதுகைப் பார்த்தே தாய் யார் என்பார்கள். ஏமாற வேண்டியவன் திபுர்சியோ மட்டும்தான். செத்தவர்களுக்குக் கண் மங்கல், குஞ்சத்தை வைத்துத்தான் தன்னுடையதைத் தெரிந்துகொள்வார்கள். ஊரே பார்த்தது, ஊரே வாயை மூடிக்கொண்டது. அதாவது, அவள் முன்னால் மூடிக்கொண்டது.

"பாவம் எங்கண்ணன்," என்றாள் பஸிலியா, கிணற்றடியில் அகப்பட்ட எல்லோரிடமும். "அங்க போய் அந்தக் கிழத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? அதுக்கு நிக்கவே தெம்பு இல்ல, ஏற எங்க போறது!"

ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நவம்பரில் முடி கத்தரித்தார்கள். மிஸ்தியின் முடியைக் கையில் எடுத்த லெயோகாதியா அப்படியே கீழே போட்டாள். முரட்டு முடி. நடு நடுவே குதிரைவால் போல விறைத்த இழைகள். அந்த இழைகளை அவளுக்குத் தெரியும், பதினோரு வருஷமாகத் தெரியும்.

"பஸிலியா, இதத் தொட்டுப் பாரு."

"என்ன அண்ணி, வெண்ணெய் மாதிரி வழுக்குது."

"முரடா இல்ல?"

"உங்க விரல்தான் முரடாயிருக்கும். உருளைக்கெழங்கு தோண்டுற கைதானே."

சாதாரணக் கையாக இருந்தால் பரவாயில்லை. லெயோகாதியா சேகரிப்பு நிலையத்தில் ரகம் பிரிக்கிறவள். மேசையில் விரித்த முடியைக் கண்ணால் பார்க்காமலே, பக்கத்தில் இருப்பவளிடம் மாப்பிள்ளை கதை பேசிக்கொண்டே, முதல் ரகம் இங்கே, மூன்றாம் ரகம் அங்கே என்று பிய்த்துப் போடுவாள். கருவி வைத்து அளந்தவர்கள்கூடக் கடைசியில் அவளிடம் வந்து ஒரு தடவை கேட்டுக்கொண்டு போவார்கள். அந்த மேசைதான் அவளுக்குச் சோறு. அதைவிட, அந்த மேசையில்தான் அவளுக்கு ஒரு பேர் இருந்தது.

முதலில் மிஸ்தியின் முடி மட்டும்தான் அப்படி இருந்தது. பிறகு அதன் குட்டிகளின் முடி. பிறகு மேசைக்கு வந்த எல்லா முடியும், எந்த ஊருடையதானாலும், அவள் விரலில் அந்தக் கிழடாகவே வந்தது. கண்ணை மூடினால் அதன் பல்லில்லாத வாய் பக்கத்தில் நின்று அசை போடுவது கேட்டது. முதல் ரகத்தை அள்ளி மூன்றாம் குவியலில் போட்டாள். ஒரே வாரத்தில் மூன்று தடவை அவள் குவியலைக் கலைத்து மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

நிலையத்தின் தலைவி ஒனோராத்தா நல்லவள்தான். "அக்கா, சந்தை முடியட்டும். அதுக்கப்புறமும் கை இப்படியே இருந்தா, மூட்டை தைக்கிற பக்கம் உக்காந்துக்கோங்க," என்றாள். மூட்டை தைக்கும் பக்கம் உட்காருகிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்க வருவதில்லை.

சந்தையன்று மிஸ்தியைக் கிடாப் போட்டி வளையத்துக்குள் கொண்டுபோனாள். முடி உண்மையிலேயே கெட்டிருந்தால் நடுவர் சொல்லிவிடுவார், அப்படியானால் விரல் மேல் குற்றமில்லை. அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான். தன் கிடா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சந்தைக்கு வந்தவள் அந்த வருஷம் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நடுவர் ஹூலியாக்கா நகரத்திலிருந்து வந்த இளம் கால்நடை இஞ்சினியர். பல்லைப் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து, விதையைப் பிடித்துப் பார்த்தார்.

"மெதுவா, சார்! அவனுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு!" என்று ஒருத்தன் கத்த, பாண்டு வாத்தியக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திச் சிரித்தார்கள்.

பிறகு தோளில், விலாவில், தொடையில் என்று மூன்று இடத்தில் முடியை விலக்கினார். விலாவில் ரொம்ப நேரம் நின்றார். தலையைத் தூக்கி, "இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல," என்றார். முதல் பரிசு நாடாவைக் கொண்டுவந்து மிஸ்தியின் கழுத்தில் போட்டார்.

லெயோகாதியா அவர் விலக்கிய இடத்திலேயே கையை வைத்தாள். துடைப்பக்கட்டை.

"முரட்டு முடி சார் இது," என்றாள். "நல்லாப் பாருங்க. இது செத்துப்போன முடி."

கூட்டம் சிரித்தது. பரிசு வாங்கிக்கொண்டு பிகு பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். சிரிக்காதவள் பஸிலியா ஒருத்தி. நாடாவோடு நின்ற கிடாவின் மறுபக்கம் வந்து, மெல்லிய குரலில் பேசினாள். அவளுக்கு அப்படியும் ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"அண்ணி, அண்ணன் கிழத்த உங்க கைக்கே திருப்பி அனுப்பிட்டான். தொடுறதுல எல்லாம் அதத்தான் வைக்கிறான். இன்னும் எத்தன தடவ கேப்பான்? குடுத்துடுங்க."

"குடுத்தா எனக்கு என்ன இருக்கு?"

"குடுக்கலைன்னா மட்டும் என்ன இருக்கு?"

மறுநாள் உச்சிவெயிலில், கல்லறைக்கு மேலே இருக்கும் சரிவில், பஸிலியாவின் புருஷன் கத்தியோடு காத்திருந்தான். மிஸ்தி சண்டித்தனம் பண்ணவில்லை. வாயில் கோக்கா இலை வைத்தார்கள், மலையின் பேரைச் சொன்னார்கள். லெயோகாதியா அதன் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மூச்சு அடங்கும்வரை மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடங்கிய பிறகு, பழக்க தோஷம், அவள் கை தானாக விலாவுக்குப் போய் முடியை விலக்கியது.

மென்மை. பனி விழுந்த முதல் நொடியில் அதன் கனம் கையில் தெரியாதே, அப்படி. எத்தனையோ ஆயிரம் மிருகங்களைத் தொட்ட விரல் அது. இதைப் போல ஒன்றை அது தொட்டதில்லை. இத்தனை வருஷமாக அவள் வீட்டு வாசலில் நின்றது இதுதான். கீழே தோல் இன்னும் சூடாக இருந்தது. அது ஆறும்வரை அவள் கையை எடுக்கவில்லை. பஸிலியாவின் புருஷன் எலும்பு பிரிக்க நேரமாகிறது என்று இரண்டு தடவை இருமினான்.

திங்கட்கிழமை மேசையில் வந்து உட்கார்ந்தாள். முதல் ரகம் இங்கே, மூன்றாம் ரகம் அங்கே. ஒனோராத்தா குவியலைக் கிளறிப் பார்த்தாள், ஒரு இழைகூடத் தப்பில்லை. வேகம் முன்னைவிட அதிகம்.

வேடிக்கை பார்க்க வராமல் பஸிலியாவால் இருக்க முடியுமா? ஏதோ சாக்கில் வந்து எதிரே நின்றாள்.

"விரல் வந்துடுச்சா அண்ணி?"

"வந்துடுச்சு," என்றாள் லெயோகாதியா. நிமிரவில்லை. "தனியா வரல."

அடுத்த முடியை எடுக்கும் முன், இடது கைக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள். சின்ன வயசிலிருந்து திபுர்சியோவுக்கு இருந்த பழக்கம் அது, அவன் அம்மா அடித்தும் போகாதது. பஸிலியா அதைப் பார்த்தாள். கொண்டுவந்த சாக்கை மறந்து, கதவு வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனாள். அன்று சாயங்காலம் கிணற்றடியில் எல்லோரும் காத்திருந்தோம். அவள் தண்ணீர் எடுக்கவே வரவில்லை.