டேஷ்போர்டுக்கு இரண்டாவது பூச்சு

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. கதவுக்கு வெள்ளை வாங்க பெயின்ட் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், மிச்சமான ஸ்பிரே டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரைக் கேட்டார். மாட்டாராம். அந்த ஆற்றாமையில் என்னிடம் கதையைச் சொன்னார்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: அந்தப் பழைய கார் அவருக்கு வெறும் கார் அல்ல, அது ஒரு

(அடித்துவிட்டேன். அது கார்தான்.)

2

அவரைத் தம்பி என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அக்கா இருக்கிறவரை தம்பிதான்.

போன வருஷம் தம்பி ஓட்டிய கார் பாலத்துச் சுவரில் முட்டியது. முன்சீட்டில் இருந்த அக்காவின் தாடை டேஷ்போர்டில் இடித்தது. தாடையில் தையல், பிளாஸ்டிக்கில் விரிசல். தாடை ஆறிவிட்டது. அக்கா தம்பியோடு பேசினாள், வீட்டுக்கு வந்தால் சோறு போட்டாள். காரில் மட்டும் ஏறவில்லை. கேட்டால், "பஸ்ல காத்து நல்லா வருதுடா" என்பாள்.

விரிசல்தான் பிரச்சினை என்று தம்பி முடிவுகட்டினார்.

(இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மன்னிப்புக் கேட்பதைவிட பெயின்ட் அடிப்பது சுலபம் என்று ஒரு மனிதர் நினைப்பாரா? யோசித்தேன். நினைப்பார்.)

3

டேஷ்போர்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினார். விரிசலில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நேராகப் பெயின்டை அடித்தார். மறுநாள் நகம் பட்டதும் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. பெயின்டுக்கு முன்னால் அடிக்க, பிளாஸ்டிக்குக்கென்று தனி பிரைமர் உண்டாம். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டாள்: "இவ்வளவும் யாருக்காக?"

"காருக்குத்தான்."

"காரா பஸ்ல போகுது?"

4

டேஷ்போர்டைத் திரும்பக் காரில் மாட்டியதும் அக்கா வந்தாள். கார்க் கதவைத் திறந்து, குனிந்து, புதுப் பழுப்பு நிறத்தை விரலால் தடவினாள்.

"எங்கடா அது?"

"எது அக்கா?"

"நான் இடிச்ச இடம்."

"தெரியாத மாதிரி பண்ணிட்டேன்."

"யாருக்குத் தெரியாத மாதிரி?"

(இந்த இடத்தில் தம்பியை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவர் அழவில்லையாம். எடுத்துவிட்டேன்.)

"நான்தான்க்கா வேகமாப் போனேன். நீ மெதுவாப் போன்னு சொன்னே, நான் கேக்கல. ரத்தத்தைப் பாத்ததும் கையும் ஓடல, காலும் ஓடல."

"இதைச் சொல்றதுக்கு ஒரு வருஷமா?"

"பெயின்ட் காயணும்ல."

அக்கா சிரிக்கவில்லை. சாவிக்குக் கை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"நீ அந்தப் பக்கம் ஏறு."

5

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதை அக்கா சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி கடை வாசலில் இறங்கிப் போய்விட்டார். அக்காவை எனக்குத் தெரியாது.

ஒரு முடிவு எழுதினேன்: கார் மெல்ல நகர்கிறது, இருவரும் சிரித்தபடி (விளம்பரம் மாதிரி இருந்தது.)

இன்னொன்று: கார் கேட்டில் முட்டுகிறது, இந்தத் தடவை தம்பியின் தாடை (கணக்கு அவ்வளவு சுத்தமாகத் தீர்ந்தால் யார் நம்புவார்கள்?)

ஆகவே இப்போதைய நிலவரம் இதுதான். தம்பி ஏறிவிட்டார். இரண்டு கைகளையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருக்கிறார். அக்கா கீழே குனிந்து, இதில் எது கிளட்ச் என்று கேட்கிறாள்.

நீங்களே சொல்லுங்கள். எனக்கும் ஓட்டத் தெரியாது.