சோபா மாமாவின் பள்ளம்

சோபாவின் இடது மூலையில் இருந்த பள்ளம் அவருடையது. பத்தொன்பது வருஷம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தோண்டிய பள்ளம். மேல்துணியை நாலு தடவை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றினார்கள். பள்ளம் மட்டும் ஒரே வாரத்தில் எஜமானைத் தேடிக்கொண்டு திரும்பி வந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் நாலு மீன் வளர்க்கலாம் என்பார் கேமராமேன். அது அவருடைய அடக்கம். ஒரு சின்னப் படகே விடலாம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது பாஸ்புக்கில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் சோபா மாமாதான். அந்த நகைச்சுவைத் தொடரில், மகள் வீட்டுக்கு ஒரு வாரம் தங்க வந்து பத்தொன்பது வருஷமாகக் கிளம்பாத மாமனார் வேஷம். அடுப்படி பற்றி எரியட்டும், மாப்பிள்ளை மாடிப்படியில் உருண்டு வரட்டும், திருடன் கண்ணெதிரே பீரோவைத் தூக்கிக்கொண்டு போகட்டும், மாமா தலையை மட்டும் திருப்பி, "இதுக்கு நான் எந்திரிக்கணுமா?" என்பார். உடனே ஒலிக்கூடத்தில் ஒரு பொத்தானை அமுக்குவார்கள், முந்நூறு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்போதோ, எதற்கோ, எவரோ சிரித்துப் பதிவானது. அந்த முந்நூறில் பாதிப் பேர் இன்று உயிரோடு இருப்பார்களா என்பதே சந்தேகம். இருந்தாலும் மாமா வாயைத் திறந்தால் அவர்கள் எழுந்து வந்து சிரித்தாக வேண்டும்.

சிரிப்புக்கு இடம் விடுவதுதான் தொழிலின் சூட்சுமம். வசனத்தைச் சொல்லிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். எண்ணுவது முகத்தில் தெரியக் கூடாது. மாமாவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போய், வீட்டில் மனைவியிடம் "குழாய் ஒழுகுது" என்று சொன்னாலும் மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அந்த மூன்றுக்குள் அவள் எழுந்து போய்க் குழாயையே மூடிவிட்டு வந்திருப்பாள்.

வேஷம் என்றால் சாதாரண வேஷமில்லை. பாதி மண்டைக்கு விக், அணில் வால் மாதிரி மீசை, சோடாபுட்டிக் கண்ணாடி, வயிற்றில் ஒரு தலையணை. எல்லாம் அவரே கேட்டு வாங்கியது. "இதைக் கழட்டிப் போட்டா, தெருவுல ஒரு பய என்னைக் கண்டுபிடிக்க மாட்டான்" என்று பெருமை அடித்துக்கொள்வார். உண்மைதான். காய்கறிக் கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சோபா மாமாவைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அவரும் ஒன்றும் தெரியாதவர் போல வெங்காயம் பொறுக்குவார். அந்தச் சந்தோஷம்தான் பின்னால் காலை வாரியது.

ஆறு மாதம் முன்பு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. விளக்குகளைச் சரிபார்க்கிற நேரமெல்லாம் சோபாவில் வெறுமனே உட்கார முடியாது, அதற்கு ஒரு ஆளைப் போடுங்கள் என்று அவரே சண்டை போட்டு வாங்கினார். வந்தவனுக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன்னால் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற ஜனங்களை வாயைத் திறக்காமல் பார்த்துப் பழகியவன். செட்டில் அவனுக்கு 'டம்மி' என்று பெயர் வைத்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எதற்குமே கோபித்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, உக்கார்றப்ப உங்க இடது தோள் லேசா சரியுமே. இப்படியா?" என்று கேட்டான் ஒரு நாள்.

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவருடைய தோளைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறானா?

"அது இல்லப்பா. இன்னும் கொஞ்சம் சரியணும். உலகமே இடிஞ்சு விழுந்தாலும் இந்தத் தோளுக்குக் கவலை இல்லைங்கற மாதிரி."

"இப்ப?"

"இப்ப சரி. குரலை மூக்குக்குக் கொண்டு போ. சொல்லிட்டு மூணு எண்ணு. உதட்டுல எண்ணாதடா, உள்ளுக்குள்ள எண்ணு!"

இப்படியே தோள், இருமல், கண்ணாடியைத் துடைக்கிற விதம், கொட்டாவி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவன் எல்லாவற்றையும் வாங்கி எங்கோ வைத்துக்கொண்டான். சிரிக்கவே இல்லை.

ஒரு காலை சோபாவில் உட்கார்ந்தவருக்குச் சுருக்கென்றது. பள்ளம் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு விரல் வலப்பக்கம் தள்ளியிருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

அன்றைக்கே மேக்கப் அறையில் இரண்டு மீசை காய்ந்துகொண்டிருந்தன.

"எதுக்கும்மா ரெண்டு?"

மேக்கப்காரம்மா கண்ணாடியைப் பார்த்தே பதில் சொன்னாள். "துவைக்கப் போட்டா மாத்துக்கு ஒண்ணு வேணாமா?"

"பத்தொன்பது வருஷமா துவைக்காத மீசைக்கு இப்ப என்ன திடீர்னு சுத்தம்?"

அவள் சிரிப்பாள் என்று மூன்று எண்ணினார். அவள் பவுடர் டப்பாவை மூடினாள்.

பக்கத்துத் தளத்தில் ஓடிய அழுகைத் தொடரில் அந்த மாதம்தான் கதாநாயகியை மாற்றினார்கள். காட்சிக்கு நடுவே திரையில், 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று இரண்டு விநாடி எழுத்துப் போட்டார்கள். நாலு நாள் ஊரே பொருமியது. அதைப் பார்த்து மாமாவுக்குத் தைரியம் வந்தது.

"என் மூஞ்சிக்குக் கீழ அந்த எழுத்தைப் போட்டுப் பார்க்கட்டும். ஸ்டூடியோ கேட் இருக்குமா மறுநாள்?" என்றார் மனைவியிடம். "பத்து நாள் படுத்துக்கறேன். சோபா காலியா கிடக்கும். அப்பத் தெரியும் நான் யாருன்னு."

"எதுக்குங்க வம்பு? போய் உக்காந்துட்டு வாங்க, அதுதானே உங்க வேலை" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

இயக்குநருக்குப் போன் போட்டு முதுகுவலி என்றார். அலறிக்கொண்டு ஓடி வருவார், கையைப் பிடித்துக் கெஞ்சுவார், நாலு நாளில் வருகிறேன் என்று பெரிய மனசு பண்ணலாம் என்பது கணக்கு.

"நல்லா ரெஸ்ட் எடுங்க சார். எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றார் இயக்குநர்.

எத்தனை நாள் வேணும்னாலும். போனை வைத்த பிறகும் அந்த மூன்று சொல் காதுக்குள் பூச்சி மாதிரி ஊர்ந்தது. பத்து நாளும் ஒரு ஈ காக்கை கூப்பிடவில்லை. எட்டாம் நாள் போன் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க அவரே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து தன் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். நன்றாக அடித்தது.

பதினோராம் நாள் செட்டுக்குள் நுழைந்தபோது டம்மி சோபாவில் இருந்தான். தலையணை, விக், மீசை, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தான். மாமா தன்னைத்தானே எதிரில் பார்த்தார். கொஞ்சம் இளைத்த தன்னை.

"வாங்கண்ணே" என்றான், உட்கார்ந்தபடியே. வீட்டுக்காரர் விருந்தாளியைக் கூப்பிடுகிற தோரணை.

"ஒண்ணுமில்ல சார்" என்று ஓடி வந்தார் இயக்குநர். "முதுகுப் பக்கம், தூரத்து ஷாட்டு, அப்படிச் சமாளிச்சுட்டோம். உங்களை மாதிரி வருமா?"

அதற்குப் பிறகு அவருக்கு நாளுக்கு ஒரு காட்சி, சில நாள் அதுவும் இல்லை. உதவி இயக்குநர் "சார், ரெடி" என்று குரல் கொடுத்தால் இரண்டு பேர் திரும்பினார்கள். உதவி இயக்குநரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று மாமா கவனித்தார். கவனிக்காமலே இருந்திருக்கலாம். டம்மி என்ற பெயரை யாரும் சொல்லிக் கேட்டு நாளாகிவிட்டது. லிஃப்டில் மேலே போகிறவர்களையும் கீழே போகிறவர்களையும் பார்த்த அதே கண்ணோடு அவன் மாமாவைப் பார்த்தான்.

அவர் லீவில் இருந்தபோது எடுத்த காட்சிகள் ஒரு மாதம் கழித்து ஒளிபரப்பாயின. மாலை ஏழரை மணி. மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வருஷத்தில் புருஷனை நேரில் பார்த்ததைவிட இந்தப் பெட்டியில்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள்.

மாப்பிள்ளை மாடிப்படியில் உருண்டு வந்தார். கேமரா சோபாவுக்குப் போனது. முதுகும் இல்லை, தூரமும் இல்லை. திரை முழுக்க முகம்.

அவன் முகம்.

மாமா திரையின் அடியையே பார்த்தார். எழுத்து வரவேண்டும். வந்தால் ஊர் கொதிக்கும், கேட் பறக்கும். கீழே ஒரு பட்டை நகர்ந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். குளியல் சோப்பு விளம்பரம். அது இடது ஓரத்துக்குப் போய் மறைந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"இதுக்கு நான் எந்திரிக்கணுமா?" என்றான் பெட்டிக்குள் இருந்தவன். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நிறுத்தாமல் நாலும் எண்ணினான். அந்த நாலில் ஒரு புருவம் மட்டும் ஏறியது. மாமா அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முந்நூறு பேரும் சிரித்தார்கள். அவர்களோடு முந்நூற்றோராவதாக இன்னொரு சிரிப்பு கேட்டது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். எண்ணெய்க் கிண்ணம் ஆடியது. கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. அது செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று என்றல்லவா அவர் நினைத்திருந்தார்!

போன் அடித்தது. உதவி இயக்குநர்.

"சார், நாளைக்கு உங்களுக்கு ஷூட்டிங் இல்ல."

"நாளன்னிக்கு?"

"சொல்றோம் சார்." பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "சோபாவை நகத்தாதீங்கய்யா, சாருக்கு இந்த இடம்தான் சரி." அவர் எந்த சாரைச் சொல்கிறார் என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது.

"அடியே" என்றார். "அது நான் இல்லடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்தாள். "போதும் போங்க. வீட்டுலயும் காமெடியா?"

"சத்தியமா இல்ல. நல்லாப் பாரு. அந்த டம்மி இருக்கானே, லிஃப்ட்டுக்காரன், அவன்."

"ஆமா, முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குப் புருஷனை அடையாளம் தெரியாது பாருங்க! ஏதோ கொஞ்சம் இளைச்சிருக்கீங்க, அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கு. என்னமோ தெரியல, இப்பல்லாம் ரொம்பப் பிரமாதமாப் பண்றீங்க."

சொன்னவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா எழுந்தார். டிவிக்கு முன்னால் போய் நின்றார். விக் இல்லாத தலை, மீசை இல்லாத உதடு, தலையணை இல்லாத வயிறு. இடது தோளைச் சரித்தார். குரலை மூக்குக்குக் கொண்டு போனார். பத்தொன்பது வருஷமாகச் சொன்ன அதே வசனத்தை, வாழ்க்கையில் இல்லாத அளவுக்குத் திருத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு எண்ணினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி, அவரைத் தாண்டித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் நகருங்களேன்" என்றாள். "டிவியில நீங்க என்ன சொல்றீங்கன்னே காதுல விழல."

மாமா நகர்ந்து நின்றார்.